எந்தப் பனையின் கொட்டையைப் புதைத்தோம்?



போன புரட்டாசியில் நம் கூட்டமைப்பு ஊர்களின் கண்மாய்க் கரைகளில் பனங்கொட்டை புதைத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உளுந்து, பாசி விதைப்பு நெருக்கத்திலும் நேரம் ஒதுக்கி வந்தீர்கள். சாக்குச் சாக்காகக் கொட்டை வந்து இறங்கியது. படம் எடுத்தோம், தீர்மான நோட்டில் எழுதினோம், டீ குடித்துக் கலைந்தோம். வேலை நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு பெரியம்மா கேட்டார்: "ஏம்மா, அந்தக் கொட்டையெல்லாம் எந்த மரத்துக் கொட்டை?"

பதில் சொல்ல ஆளில்லை. விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஓடைப் பக்கம் நிற்கிற நாலைந்து மரங்களுக்கு அடியில் பொறுக்கியவை. அங்கே மட்டும் ஏன் அவ்வளவு கிடந்தது? அந்த மரத்துப் பழம் கசக்கும், பிள்ளைகள் தொட மாட்டார்கள். இனிப்பான பழம் போடுகிற மரத்துக் கொட்டைகளையெல்லாம் அவரவர் வீட்டில் கிழங்குக்குப் பாத்தி போட்டாச்சு. தைப்பொங்கலுக்குக் கிழங்கு விற்றால் நாலு காசு கிடைக்குமே! ஆக, நல்ல மரத்தின் பிள்ளைகளைப் பிடுங்கி அவித்துத் தின்றுவிட்டோம். வேண்டாம் என்று விட்ட மரத்தின் பிள்ளைகளைத்தான் அறுபது, எழுபது வருஷம் நிற்கட்டும் என்று கரையில் வைத்திருக்கிறோம்.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பொறுக்கியதில் நாங்களும் உண்டு. ஆனால் அந்தப் பெரியம்மாவின் கேள்விக்குள் ஒரு பெரிய பாடமே இருக்கிறது. அதைத்தான் இந்த மாதம் பேசப்போகிறோம்.

மரபுப் பன்மை என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். ஒரே பயிருக்குள், ஒரே மரத்துக்குள், எத்தனை விதம் இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்றுக்குச் சுருட்டை முடி என்று இருக்கிறதல்லவா, அது போலத்தான். இந்த வித்தியாசம் இரத்தத்திலேயே வருவது, பிள்ளைக்கும் இறங்கும். ஆனால் எல்லா மரத்திலும் இது ஒரே மாதிரி இருப்பதில்லை. மரம் எப்படிப் பெருகுகிறது என்பதைப் பொறுத்தது.

வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் வாழையின் பக்கத்தில் வரும் கன்றைப் பெயர்த்து நடுகிறோம். தாய் எதுவோ அதுவேதான் கன்றும். பேரீச்சையும் ஏறக்குறைய அப்படித்தான். கடையில் வாங்குகிறோமே பேரீச்சம்பழம், அந்த மரமும் பனையின் சொந்தக்காரிதான். அதிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. கொட்டை போட்டால் ஆணா பெண்ணா என்று தெரியாது. பெண்ணாக வந்தாலும் பழம் தாய் மாதிரி இருக்காது. அதனால் அரபு நாட்டு விவசாயிகள் கொட்டையை நம்புவதில்லை. நல்ல பெண்மரத்தின் அடியில் வரும் பக்கக் கன்றைப் பிரித்து நடுவார்கள். பர்ஹி, மெட்ஜூல் என்று பெயர் வைத்து விற்கும் ரகங்கள் இப்படிப் பெருகியவை.

இதில் ஒரு கதை இருக்கிறது. மெட்ஜூல் ரகத்தின் சொந்த ஊர் மொராக்கோ நாடு. அங்கே பயூத் என்ற பூஞ்சை நோய் பரவி மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின. 1927-ல் அமெரிக்க விஞ்ஞானி வால்டர் சுவிங்கிள் அங்கிருந்து 11 மெட்ஜூல் கன்றுகளைக் கொண்டுபோனார். 9 பிழைத்தன. பிற்பாடு அமெரிக்காவில் தோப்புத் தோப்பாக வளர்ந்த மெட்ஜூல் மரங்கள் அந்த ஒன்பதின் வழி வந்தவைதான். லட்சம் மரம் நின்றாலும் இரத்தம் ஒன்றே. விற்பனைக்கு இது வசதி. எல்லாப் பழமும் ஒரே அளவு, ஒரே ருசி. ஆனால் ஒரு மரத்தைத் தாக்குகிற நோய் வந்தால், பக்கத்து மரத்துக்கும் அதே கதிதான்.

மொராக்கோவில் ஒரு நூற்றாண்டுக்குள் ஒரு கோடிக்கும் மேல் பேரீச்சை மரங்கள் அந்த நோயில் போயின என்கிறார்கள். எல்லோரும் விரும்பி நட்ட மெட்ஜூல்தான் நோயைத் தாங்காத ரகங்களில் முதல் வரிசையில் இருந்தது. கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? கொட்டையிலிருந்து தானாக முளைத்துக் கிடந்த, பெயரில்லாத மரங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் நோயைத் தாங்கி, பழமும் நன்றாக இருந்த ஒன்று கிடைத்தது. அதற்கு நஜ்தா என்று பெயர் வைத்துப் பெருக்கி, பட்டுப்போன தோப்புகளில் நட்டார்கள். கணக்கில் வராமல் கிடந்த மரம்தான் தோப்பைக் காப்பாற்றியது.

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. குஜராத் மாநிலம் கட்ச் பகுதியில் லட்சக்கணக்கான பேரீச்சை மரங்கள் நிற்கின்றன. பெரும்பாலும் கொட்டையிலிருந்து முளைத்தவை. அதனால் மரத்துக்கு மரம் பழத்தின் நிறம், அளவு, இனிப்பு எல்லாம் மாறும். அங்கே முந்த்ராவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் இந்த மரங்களைத்தான் ஆராய்கிறது. கட்சின் காரெக் என்ற பேரீச்சைக்கு 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் கிடைத்ததே, அதே குறியீடு.

இனி நம் பனைக்கு வருவோம்.

பனையில் பக்கக் கன்று கிடையாது. கொட்டை ஒன்றுதான் வழி. அதனால் பனையில் ஒன்று போல் இன்னொன்று இருக்கவே இருக்காது. இந்தியாவில் உள்ள பனைகளில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் நிற்பதாகச் சொல்வார்கள். அதிலும் நம் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் பெரிய பங்கு. உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் தேரி மாதிரி நம் கரிசலில் தோப்பாகப் பார்க்க முடியாதுதான். விளாத்திகுளம், எட்டயபுரம், புதூர் பக்கம் ஓடைக் கரையில், கண்மாய்க் கரையில், புஞ்சை வரப்பில் வரிசையாக நிற்கும். கடற்கரைப் பக்கம் வேம்பார் போனால் கருப்பட்டிக்கே பெயர் போன ஊர். இவ்வளவு மரத்திலும் ஒவ்வொன்றும் ஒரு தனி ஆள்.

இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டத்தில் சும்மா கேட்டுப் பார்த்தோம். கருப்பட்டி காய்ச்சுகிற ஒரு மதினி சொன்னார், "வடக்கு வரப்பு மரத்துப் பதநீர் சீக்கிரமே பதத்துக்கு வந்திரும், விறகு மிச்சம்." பெட்டி முடைகிற ஒரு அக்காவுக்குக் குருத்தோலையின் நீளமும் மென்மையும்தான் கணக்கு, பனை விற்கிறவரிடம் மரத்தைக் கைகாட்டித்தான் ஓலை வாங்குவாராம். நுங்கு விற்கிறவருக்கு, எந்த மரத்துக் காயில் மூன்று கண்ணும் நிறைந்திருக்கும் என்று தெரியும். பழத்தின் தோல் ஒரு மரத்தில் கன்னங்கரேல் என்றிருக்கும், இன்னொன்றில் செம்மஞ்சளாக இருக்கும். கசப்பும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் பனம்பழக் களியைக் காயவைத்துப் பனாட்டு செய்வார்கள். அங்கே இந்தக் கசப்பை ஆராய்ந்து, ஃபிளபெலிஃபெரின் என்ற சத்துதான் காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அது எல்லாப் பழத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியம் மரத்தின் உயரம். ஏறி விழுந்து இடுப்பொடிந்தவர்களும், உயிரே விட்டவர்களும் நம் ஊர்களில் எத்தனை பேர்! நம் குழுக்களிலேயே அப்படி வீட்டுக்காரரை இழந்து நிற்கும் சகோதரிகள் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எஸ்.வி.பி.ஆர்.1 என்று ஒரு பனை ரகத்தைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டிருக்கிறது. அது குட்டையான மரம். 95 நாள் பருவத்தில் சுமார் 298 லிட்டர் பதநீர் தரும் என்பது அவர்கள் கணக்கு. அதாவது நாளைக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. பல விதமான மரங்கள் நின்றதால்தான் இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே முடிந்தது.

"அப்ப நல்ல மரத்துக் கொட்டையாப் பார்த்துப் போட்டாப் போதுமே, இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்று கேட்பீர்கள். இரண்டு சிக்கல் இருக்கிறது.

முதல் சிக்கல், அப்பன் யார் என்பது. பனையிலும் ஆண் வேறு, பெண் வேறு. காய்க்கிற மரம் தாய். மகரந்தம் எந்த ஆண்பனையிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. பிள்ளைக்குப் பாதி குணம் அந்த அப்பன் வழி. அப்பன் மரம் காய்ப்பதே இல்லையே, அதன் குணத்தை எதைப் பார்த்துச் சொல்வது? அதனால் இனிப்புப் பழ மரத்தின் பிள்ளைகள் எல்லாம் இனிப்பாகவே வரும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். முளைத்தது ஆணா பெண்ணா என்பதும் பாளை விடும்போதுதான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம், சில இடத்தில் அதற்கு மேலும் ஆகும். கொட்டையின் உருவத்தைப் பார்த்தே ஆண் பெண் சொல்கிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டாவது சிக்கல், மண்ணா வித்தா என்பது. இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். கண்மாய் உள்வாயில் நிற்கிற பனை நிறையப் பதநீர் தருகிறது. மேட்டுப் புஞ்சையில் நிற்கிறது குறைவாகத் தருகிறது. உள்வாய் மரம் நல்ல ஜாதி என்று சொல்லிவிடலாமா? தண்ணீர் வசதியால் கூடக் கிடைக்கலாமே. மேட்டு மரம் அந்த வறட்சியிலும் இவ்வளவு தருகிறதே, அதுதான் நல்ல வித்தாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை நல்ல மார்க் வாங்குவது டியூஷனாலா, சொந்தப் புத்தியாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு பேரையும் ஒரே டியூஷனில் உட்காரவைத்தால்தான் தெரியும். விஞ்ஞானிகள் செய்வதும் இதுதான். 1901 முதல் நம் கோவில்பட்டியில் இயங்கும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பருத்தியையும் சோளத்தையும் பக்கம் பக்கமாகப் பாத்தி பிரித்துப் போட்டிருப்பதைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஒரே மண், ஒரே மழை, ஒரே நாளில் விதைப்பு. அப்போதும் வித்தியாசம் தெரிந்தால், அது வித்தின் வித்தியாசம். வல்லநாடு பக்கம் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் பல ஊர்ப் பனைகளை ஒரே இடத்தில் வளர்த்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். சோளத்துக்கு நாலு மாதத்தில் விடை கிடைத்துவிடும். பனைக்கு ஒரு ஆள் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறும் காலம் ஆகிவிடும்.

காத்திருக்க முடியாது என்பதால்தான் மரபணுச் சோதனை வந்தது. இளம் ஓலையில் கொஞ்சம் கிள்ளி எடுத்து, அதிலிருந்து டி.என்.ஏ. என்ற மரபுப் பொருளைப் பிரிப்பார்கள். அதில் குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் பார்த்து, மரத்துக்கு மரம் ஒப்பிடுவார்கள். வங்கியில் கட்டைவிரல் ரேகை வைக்கிறோமே, அதுபோல. பல இடங்களில் ஒத்துப்போனால் நெருங்கிய சொந்தம். மாறினால் தூரத்துச் சொந்தம். மண்ணும் மழையும் இந்த ரேகையை மாற்றாது. ஆணா பெண்ணா என்று கன்றிலேயே கண்டுபிடிக்கவும் இந்த வழியில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் பதநீர் எத்தனை லிட்டர் வரும் என்று இந்த ரேகை சொல்லாது. அதற்கு மரத்தடியில் நின்று அளக்க ஆள் வேண்டும்.

இப்படிக் காற்றிலும் பூச்சியிலும் மகரந்தம் மாறிக் கலக்கிற மரங்களில், ஒரே ஊருக்குள்ளேயே பெரும்பாலான வித்தியாசமும் இருக்கும் என்பது பொதுவான அனுபவம். அதனால் தூர தேசத்துக் கொட்டைக்கு நாம் அலைய வேண்டாம். நம் ஊர் மரங்களிலேயே செல்வம் இருக்கிறது. ஆனால் நாலைந்து மரத்தடியில் மட்டும் பொறுக்கினால் அந்தச் செல்வத்தில் ஒரு மூலைதான் அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேரும். காட்டு மர விதை சேகரிப்பவர்கள் ஒரு பகுதியில் குறைந்தது 25, 30 தாய்மரங்களிலிருந்தாவது எடுக்க வேண்டும் என்பார்கள். அதுவும் ஒட்டி ஒட்டி நிற்கிற மரங்களாக இருக்கக் கூடாது. அவை அக்கா தங்கையாக இருக்கலாம். 2021-ல் தமிழக அரசு பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்து, 76 லட்சம் பனை விதைகளை வழங்கத் திட்டமிட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. நல்ல காரியம். செங்கல் சூளைக்குப் போன மரங்களைப் பார்த்த நமக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எத்தனை லட்சம் கொட்டை என்று எண்ணுகிற அளவுக்கு, எத்தனை மரத்துக் கொட்டை என்று யாரும் எண்ணுவதில்லை. நாமும் எண்ணவில்லை.

இதைவிட மோசமான ஒன்றைப் பனையேறும் ஒரு அண்ணாச்சி சொல்லித்தான் நாங்கள் யோசித்தோம். பாளையைச் சீவினால் பதநீர் வரும், காய் வராது. எந்த மரத்தைச் சீவுவார்கள்? நன்றாக ஊறுகிற மரத்தைத்தான். ஆகவே நல்ல பதநீர் மரம் வருஷா வருஷம் சீவப்பட்டு, ஒரு கொட்டைகூடப் போடாமலே வயசாகிவிடுகிறது. ஆண்பனையைச் சீவினால் அதற்கும் மகரந்தம் இல்லை. சீவாமல் விட்ட மரம்தான் காய்க்கிறது, அதன் கொட்டைதான் நம் சாக்குக்கு வருகிறது. "நல்ல மரத்துக்கு வாரிசே இல்ல தாயி" என்றார் அவர். கிழங்குக்குப் போன கொட்டையை விட இந்த நஷ்டம் பெரிசு.

வழி இருக்கிறது. நல்ல பதநீர் மரத்தில் ஒரு பாளையைச் சீவாமல் விட்டுவிடலாம். எட்டுப் பாளை வருகிற மரம் என்றால், எட்டில் ஒரு பங்கு பதநீர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நஷ்டத்தை யார் தாங்குவது? பனையேறியும் காய்ச்சுகிற அக்காவும் தலையில் சுமக்க வேண்டும் என்பது நியாயமில்லை. இதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து வந்தது. ஊர் நன்மைக்குத்தானே, சும்மா விடட்டும் என்றார்கள் சிலர். எங்கள் கருத்து அதுவல்ல. ஒரு கொட்டையிலிருந்து ஒரு கிழங்கு வருகிறது. சந்தையில் அந்தக் கிழங்குக்கு என்ன விலையோ, அந்த விலையைக் குறி போட்ட மரத்தின் கொட்டைக்குக் குழுவே கொடுத்து வாங்கட்டும். அப்போது நல்ல கொட்டை பாத்திக்குப் போகாமல் கரைக்கு வரும். பணத்தைப் பொதுநிதியிலிருந்து எடுப்பதா, தனியாகச் சந்தா பிரிப்பதா என்பதை ஒவ்வொரு குழுவும் பேசித் தீர்மானம் போட வேண்டும்.

குறி போட முதலில் மரங்களை அறிய வேண்டும். இதற்குக் கருவி ஒரு நாற்பது பக்க நோட்டும், ஒரு டப்பா பெயிண்டும், ஒரு லிட்டர் அளவுப் படியும்தான். மரத்தில் எண் எழுதுங்கள். நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக, மரம் எங்கே நிற்கிறது (கண்மாய்க் கரையா, மேட்டுப் புஞ்சையா, செவலா, கரிசலா) என்பதை மறக்காமல் எழுதுங்கள். இது விட்டுப்போனால் மண்ணா வித்தா என்ற கேள்விக்குப் பிற்பாடு பதிலே கிடைக்காது. காய்க்கும் மரம் என்றால் எத்தனை குலை, பழத்தின் தோல் நிறம், கொட்டை ஒன்றா இரண்டா மூன்றா, கசப்பா இனிப்பா. சீவும் மரம் என்றால் மாதத்தில் இரண்டு நாள் மட்டும் காலையும் மாலையும் பதநீரை அளந்து எழுதினால் போதும். தினமும் அளக்கச் சொன்னால் யாரும் செய்ய மாட்டோம். ஆண்பனைக்கும் எண் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். உயரத்தை ஏறுகிறவரிடமே கேளுங்கள். ஒரு வருஷக் கணக்கை நம்ப வேண்டாம். மழை பெய்த வருஷம் ஒரு மாதிரி, பொய்த்த வருஷம் ஒரு மாதிரி. மூன்று வருஷமாவது எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். சொல்ல வேண்டியவர்கள் காய்ச்சுகிறவர், முடைகிறவர், நுங்கு விற்கிறவர்.

ஒரு எச்சரிக்கை. நல்ல மரம் கிடைத்துவிட்டது என்று அந்த ஒன்றிலிருந்தே ஆயிரம் கொட்டை எடுத்துப் புதைத்தால், மெட்ஜூல் கதையை நம் கண்மாய்க் கரையில் நாமே ஆரம்பித்துவைத்த மாதிரி. இனிப்புக்கு ஒன்று, பதநீருக்கு ஒன்று, ஓலைக்கு ஒன்று, குட்டைக்கு ஒன்று என்று கலந்து எடுங்கள். ஓடைப் பக்கத்துக் கசப்பு மரத்திலிருந்தும் நாலு கொட்டை இருக்கட்டும். அதன் வேர் எந்த நோயைத் தாங்கும் என்று யார் கண்டது?

போன வருஷம் புதைத்தவற்றைப் பிடுங்க வேண்டுமா என்று மூன்று குழுக்கள் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். முளைத்தது முளைத்ததாக நிற்கட்டும். வரிசையில் முளைக்காமல் போன இடங்களை எண்ணி வையுங்கள். இந்த வருஷத்துக் கொட்டைகள் அங்கே போகட்டும்.

பழம் விழ ஆரம்பிப்பது ஆடிக் கடைசியில். அதற்கு முன் நடக்கும் வட்டாரக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஊக்குநரோ பிரதிநிதியோ வரும்போது, உங்கள் ஊரில் எண் போட்ட மரங்களின் நோட்டைக் கையோடு கொண்டுவர வேண்டுகிறோம். பத்து மரம் எழுதியிருந்தாலும் சரி. கேள்வி கேட்ட அந்தப் பெரியம்மாவின் குழு ஏற்கெனவே பதினேழு மரத்துக்கு எண் போட்டுவிட்டது. அதில் நாலு ஆண்பனை.